புழங்காத காசுகளுக்கும் சரியான குறிப்பு அட்டை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் பழங்காசுக் கண்காட்சி ஒன்றைப் பற்றி வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். சோழர் காசுகளையும் நாயக்கர் காசுகளையும் கட்டுரையாளர் விவரித்திருந்த விதம் நேர்த்தியாக இருந்தது. ஆனால் கண்காட்சியின் கடைசி மேசையில் வைக்கப்பட்டிருந்த, இங்கிலாந்தின் தனியார் நாணயச்சாலை ஒன்றில் அடிக்கப்பட்ட வணிக டோக்கன்களையும் (அரசுச் சில்லறைக்குப் பதிலாக வணிகர்கள் தாமே வெளியிட்ட காசுகள்) மாதிரிக் காசுகளையும் (புழக்கத்துக்கன்றி, காட்டுவதற்கென அடித்தவை), “இவை செல்லாக் காசுகள், அழகுக்காக வைக்கப்பட்டவை” என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அவர் கடந்து சென்றிருந்தார். அவற்றுள் ஒன்றின் படத்துக்குக் கீழே, காசின் மேல் 1788 என்ற ஆண்டு இருப்பதைக் கொண்டு, அது அந்த ஆண்டிலேயே அடிக்கப்பட்டது என்றும் எழுதப்பட்டிருந்தது. முதற்கூற்று அந்தக் காசுகளுக்கு இழைக்கப்பட்ட அநீதி. இரண்டாவது கூற்று, அவற்றை வாங்க நினைக்கும் வாசகர்களுக்குப் பண இழப்பை உண்டாக்கக்கூடியது. இந்த வகைக் காசுகளை நெடுங்காலமாகச் சேகரித்து வருபவன் என்ற முறையில் இவ்விரண்டையும் பற்றிச் சற்று விரிவாக எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

பர்மிங்ஹாம் நகரை ஒட்டிய ஹேண்ட்ஸ்வொர்த்தில், பொத்தான், காலணிக் கொக்கி, வெள்ளிப் பாத்திரம் முதலியவற்றைச் செய்து விற்ற மேத்யூ போல்டன் (1728–1809) என்ற தொழிலதிபர், ஜேம்ஸ் வாட்டுடன் கூட்டுச் சேர்ந்து நீராவி எந்திரம் செய்தவர் என்ற அளவில் நம் பள்ளிப் பாடங்களிலேயே இடம்பெறுபவர். அதே எந்திரத்தைக் காசு அடிக்கும் திருகு அச்சுப்பொறிகளோடு இணைத்து 1788இல் அவர் தொடங்கியதுதான் சோஹோ நாணயச்சாலை. அந்த முறைக்கு 1790இல் காப்புரிமையும் பெற்றார். அது அரசின் நாணயச்சாலையன்று. அரசரின் உருவத்தைப் பொறித்துக் காசடிக்கும் உரிமை அதற்குத் தொடக்கத்தில் கிடையாது. ஆகவே, வேலை தேடி அலைய வேண்டிய ஒரு நாணயச்சாலையாகவே அது பிறந்தது என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். டோக்கன்களும் மாதிரிக் காசுகளும் அந்தத் தேடலின் எச்சங்கள்.

அக்காலத்து இங்கிலாந்தில் செப்புக் காசுக்குப் பெரும் பஞ்சம் நிலவியது. லண்டன் அரச நாணயச்சாலை 1775க்குப் பிறகு பல ஆண்டுகள் செப்புக் காசே அடிக்கவில்லை. கையில் புழங்கியவற்றில் பெரும்பகுதி எடை குறைந்த கள்ளக் காசு. சுரங்கத்திலும் ஆலையிலும் வார இறுதியில் கூலி கொடுக்க வேண்டிய முதலாளிகளுக்குச் சில்லறையே கிடைக்கவில்லை. இதற்கு வழி கண்டவர்கள் வேல்ஸின் ஆங்கிள்சீ தீவில் இருந்த பாரிஸ் (Parys; பிரெஞ்சுத் தலைநகரன்று) செப்புச் சுரங்கத்தார்தாம். 1787இல் ஒருபுறம் முக்காடிட்ட துருயிதுப் பூசாரியின் (பண்டைக் கெல்ட்டிய மதகுருவின்) தலையும் மறுபுறம் நிறுவனத்தின் பெயரெழுத்துகளும் கொண்ட பென்னி டோக்கனை வெளியிட்டு, கேட்டவர்க்கு அதன் மதிப்பைக் கொடுப்பதாக அதிலேயே வாக்களித்தனர். சுரங்கத்தின் செம்பும் விற்றது, கூலியும் பட்டுவாடா ஆயிற்று, நிறுவனத்தின் பெயரும் சந்தை தோறும் கைமாறிப் பரவியது. இரும்பு ஆலை அதிபர் ஜான் வில்கின்சன் ஒருபடி மேலே சென்று, அரசரின் தலை இருக்க வேண்டிய இடத்தில் தம் தலையையே பொறித்துக்கொண்டார்!

போல்டன் இந்த வேலைகளைத் தம் சாலைக்கு ஈர்த்துக்கொண்டார். ஆங்கிள்சீ டோக்கன்களின் பிற்பட்ட தொகுதிகள், அயர்லாந்துச் சுரங்க நிறுவனம் ஒன்றின் 1789ஆம் ஆண்டுக் குரோன்பேன் அரைப்பென்னி, கிளைடு ஆற்றின் தெய்வம் சாய்ந்து படுத்திருக்கும் 1791ஆம் ஆண்டு கிளாஸ்கோ அரைப்பென்னி, பழங்கதை வீரன் பெவிஸின் தலையைத் தாங்கிய சவுத்தாம்ப்டன் அரைப்பென்னி ஆகியவை அங்கு அடிக்கப்பட்டவை. இவற்றின் முகப்பைப் பார்த்து ரசிப்பவர்கள் பலர். விளிம்பைத் திருப்பிப் படிப்பவர்கள் குறைவு. கிளாஸ்கோ அரைப்பென்னியின் விளிம்பில், இதை எந்த வணிகரிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்பது ஓடுகிறது. அந்த ஒரு வரி அக்காசை ஒரே வேளையில் உறுதிச்சீட்டாகவும் முகவரி அட்டையாகவும் விளம்பரமாகவும் ஆக்கிவிடுகிறது. ‘செல்லாக் காசு’ என்று அதைச் சொல்வது வரலாற்றுப்படியும் பிழை. நாடாளுமன்றம் 1817இல் சட்டம் இயற்றித் தனியார் டோக்கன்களைத் தடுக்க வேண்டி வந்தது என்றால், அதுவரையில் அவை எவ்வளவு நன்றாகச் செல்லுபடியாகியிருக்க வேண்டும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இங்கே நம் பக்கத்துத் தொடர்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். 1791இலும் 1792இலும் பாரிஸில் வங்கித் தொழில் செய்துவந்த மொனெரோன் சகோதரர்களுக்காகச் சோஹோவில் ஐந்து சோல், இரண்டு சோல் (சோல் என்பது பழைய பிரெஞ்சுச் சில்லறை) மதிப்புள்ள பெரிய செப்பு டோக்கன்கள் பெருமளவில் அடிக்கப்பட்டன. புரட்சியின் கொந்தளிப்பில் உலோகக் காசுகள் பதுக்கப்பட்டு, அசிஞ்ஞா என்ற காகிதப் பணம் மட்டும் கையில் மிஞ்சிய மக்களுக்கு அவை சில்லறையாக உதவின; குறிப்பிட்ட தொகைக்குச் சேர்த்துக் கொண்டுவந்தால் காகிதப் பணமாக மாற்றித் தருவதாக அவற்றிலேயே பொறித்திருந்தது. அந்தச் சகோதரர்களுள் ஒருவரான லூயி மொனெரோன், புதுச்சேரி உள்ளிட்ட பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் குடியேற்றங்களின் பிரதிநிதியாகப் பாரிஸ் தேசிய சபையில் அமர்ந்தவர். 1792இல் பிரெஞ்சு அரசு தனியார் காசுகளைத் தடை செய்ததோடு அந்த வணிகம் முடிந்தது. இன்று ஐந்து சோல் டோக்கனைக் கையில் எடுத்துப் பார்த்தால், 1790 ஜூலை 14ஆம் நாள் கூட்டுறுதியேற்பு விழாவைக் காட்டும் அதன் முகப்பு வேலைப்பாடு, அரசு நாணயங்களையே நாணச் செய்யும் தரத்தில் இருப்பதைக் காணலாம். சோஹோவுக்கு அது கூலி வேலை மட்டுமன்று. ஐரோப்பா முழுதும் பார்க்கும்படி பாரிஸ் கடைவீதியில் விரித்த கடை.

இனி மாதிரிக் காசுகளுக்கு வருகிறேன். கட்டுரையாளர் ‘அழகுக்காக வைக்கப்பட்டவை’ என்றது முக்கியமாக இவற்றைத்தான். சோஹோவைப் பொறுத்தவரை மாதிரிக் காசுக்கும் விளம்பரக் காசுக்கும் இடையே கோடு கிழிப்பது கடினம் என்பதே என் கருத்து. இந்தக் கடிதத்தில் நான் வலியுறுத்த விரும்பும் செய்திகளுள் முதன்மையானதும் அதுவே. போல்டனின் நெடுநாள் ஆசை, பிரிட்டிஷ் அரசின் செப்புக் காசு ஒப்பந்தத்தைப் பெறுவது. பாரிஸுக்குச் சென்றிருந்தபோது ழான்-பியேர் துரோ என்ற சுவிட்சர்லாந்து அச்சுச் செதுக்குநரின் வேலையைக் கண்டு வியந்து, அவரைப் பர்மிங்ஹாமுக்கு வரவழைத்தார். துரோவின் திறமை, முகப்பும் பின்புறமும் பதியும் அதே அடியில் விளிம்பிலும் எழுத்துகளைப் பதிக்கும்படி காசைச் சுற்றிப் பிடிக்கும் பல துண்டு வளையத்தில் இருந்தது. அவர் செதுக்கிய அரைப்பென்னி மாதிரிகள் 1788 என்ற ஆண்டைத் தாங்கியவை. அவற்றின் விளிம்பில், ‘இராயனுடையதை இராயனுக்குச் செலுத்துங்கள்’ என்று நம் தமிழ் வேதாகமத்தில் படிக்கும் வசனம் ஆங்கிலத்தில் ஓடுகிறது. அமைச்சர்களின் மேசைக்கும் அரண்மனைக்கும் போய்ச் சேர வேண்டிய ஒரு காசில் அந்த வசனத்தைத் தேர்ந்தெடுத்தவர் வியாபாரம் தெரிந்தவர் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த மாதிரிகள் கொடுத்த விண்ணப்பத்துக்கு விடை வர ஒன்பது ஆண்டுகள் ஆயின. துரோ 1790இல் போல்டனோடு மனம் கசந்து பிரிந்தார். அவர் இடத்தில் 1793இல் ஜெர்மானியரான கான்ராட் ஹைன்ரிக் கூக்லர் வந்து சேர்ந்தார். 1797இல் ஒப்பந்தம் கிடைத்ததும் கூக்லர் செதுக்கியவைதாம், முகப்பைச் சுற்றிய அகன்ற வரம்பினால் ‘வண்டிச்சக்கரம்’ என்று பெயர் பெற்ற ஒரு பென்னியும் இரண்டு பென்னியும். பென்னியின் எடை ஓர் அவுன்ஸ், இரண்டு பென்னியின் எடை இரண்டு அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 57 கிராம். சட்டைப்பை கிழியும் என்று மக்கள் முணுமுணுத்திருக்கலாம். ஆனால் காசின் மதிப்பை அதில் உள்ள செம்பே தாங்க வேண்டும், கள்ளக் காசு அடிப்பவனுக்கு லாபம் எஞ்சக்கூடாது என்ற போல்டனின் கொள்கை அந்த எடையில் இருக்கிறது. உயர்ந்த அந்த வரம்பில் எழுத்துகள் பள்ளமாகப் பதிந்திருப்பதும் அதே நோக்கத்தால்தான். துரோவின் 1788ஆம் ஆண்டு மாதிரியையும் 1797ஆம் ஆண்டுப் பென்னியையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்க்கு, இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் எது கைவிடப்பட்டது, எது தங்கியது என்பது விளங்கும். எடுத்துக்காட்டாக, துரோவின் விளிம்பெழுத்து அழகானது. ஆனால் மணிக்குப் பல்லாயிரக்கணக்கில் அடிக்கும் வேலைக்கு அந்தத் துண்டு வளையம் தாங்கவில்லை. சக்கரப் பென்னியின் பக்கவாட்டு விளிம்பு வெறுமையாக இருக்கிறது. புழங்கிய காசை மட்டும் சேகரிப்பவருக்கு இந்த முடிவு மட்டுமே கிடைக்கும். அதற்கு முன் நடந்தது கிடைக்காது.

சோஹோவின் விளம்பரங்களில் மிகவும் வெளிப்படையானது, 1798ஆம் ஆண்டைத் தாங்கிய போல்டன் பதக்கம். ஒருபுறம் அவருடைய உருவம். மறுபுறம், ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள். ஒவ்வொரு வளையமும் ஒரு காசின் விட்டத்தைக் குறிக்கும். அந்த அளவில் நிமிடத்துக்கு எத்தனை காசு அடிக்க முடியும் என்ற எண் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். வாசகம் பிரெஞ்சு மொழியில் இருப்பதிலிருந்தே அது எந்த நாட்டு அரசவைகளை நோக்கிப் பேசியது என்பது புரியும். எட்டுப் புதிய அச்சுப்பொறிகளில் எட்டுக் குழந்தைகள் ‘களைப்பின்றி’ இந்த அளவை எட்டுவார்கள் என்று அது பெருமையோடு அறிவிக்கிறது. குழந்தை உழைப்பை விற்பனைச் சிறப்பாகச் செம்பில் பொறித்த அந்த ஒரு சொல்லுக்காகவே, அந்தப் பதக்கம் பொருளாதார வரலாறு படிக்கும் ஒவ்வொரு மாணவரின் கண்ணிலும் பட வேண்டும் என்று நினைக்கிறேன். ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க், டென்மார்க்கின் கோபன்ஹேகன், லண்டனின் புதிய அரச நாணயச்சாலை, பின்னர் 1820களில் பம்பாய் ஆகிய இடங்களுக்கெல்லாம் சோஹோவின் எந்திரங்கள் சென்றன என்பதைக் கொண்டு, அந்த விளம்பரம் வீண்போகவில்லை என்று அறியலாம்.

சென்னை மாகாணத்துக்கும் இந்தச் சாலைக்கும் உள்ள உறவைத் தமிழ் வாசகர்கள் அவசியம் அறிய வேண்டும். 1794ஆம் ஆண்டைத் தாங்கி, வட சர்க்கார் பகுதிக்கென (இன்றைய ஆந்திரக் கடற்கரை) ரூபாய்க்கு நாற்பத்தெட்டு, தொண்ணூற்றாறு என்ற கணக்கில் வந்த கும்பினிச் (ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி) செப்புக் காசுகள் சோஹோவில் அடிக்கப்பட்டவை. 1803இல் ஒன்று, ஐந்து, பத்து, இருபது காசு என்று வெளிவந்த வரிசையும் அப்படியே. சிங்கங்கள் தாங்கிய கும்பினியின் சின்னம் ஒருபுறமும் பாரசீக எழுத்து மறுபுறமும் உள்ள அந்தக் காசுகள் தஞ்சைப் பக்கத்துப் பழைய பித்தளைக் கடைகளில் இன்றும் அகப்படுகின்றன. அவற்றுக்கே பொன் முலாம் பூசியும் செம்பழுப்பு மெருகேற்றியும் அடித்த சிறப்பு மாதிரிகள் உண்டு. அவை சென்னை வீதியில் ஒருநாளும் புழங்கவில்லை; லண்டனில் கும்பினி இயக்குநர்களுக்குக் காட்டவும், பெரிய மனிதர்களுக்குப் பரிசளிக்கவும் ஆனவை. அப்படிப்பட்ட மாதிரிகள் பொருத்தமான மெல்லிய உலோகச் சிமிழ்களில் அடைத்து அனுப்பப்பட்டன. அந்தச் சிமிழோடு கிடைக்கும் காசு சேகரிப்பாளர்களால் தனியாக மதிக்கப்படுகிறது. நம் ஊரில் உழவர் சந்தைக்குப் போன காசும் அதே அச்சில் பிறந்து கும்பினி இயக்குநரின் மேசைக்குப் போன காசும் ஒரே பேழையில் அடுத்தடுத்து இருந்தால், அதிகாரத்தின் இரு முனைகளையும் சேர்த்துப் பார்த்ததாக ஆகும். தங்கள் கட்டுரையில் படம் வெளியான கண்காட்சியில் இந்த இரண்டும் வெவ்வேறு மேசைகளில் இருந்தன என்பது எனக்கு வருத்தமே.

1808ஆம் ஆண்டைத் தாங்கிய பத்துக் காசும் இருபது காசும் பற்றி ஒரு குறிப்பு. இவற்றைப் பீப்பாய்களில் ஏற்றிக்கொண்டு இந்தியாவுக்குப் புறப்பட்ட ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல், 1809 ஜனவரியில் புயலில் சிக்கி, இங்கிலாந்தின் கென்ட் கரையை ஒட்டிய குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் முக்குளிப்பவர்கள் அவற்றைப் பெருமளவில் வெளியே எடுத்தனர். ஆகவே புத்தம் புதிதாகத் தோன்றும் 1808ஆம் ஆண்டு இருபது காசு கிடைத்தால் அது அரிதினும் அரிது என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை; பெரும்பாலும் கடலடியிலிருந்து வந்ததாக இருக்கும். ஆனால் அதே ஆண்டின் மெருகேற்றிய மாதிரிக் காசு வேறு பொருள், வேறு விலை. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் ‘சோஹோ 1808, மிக அரியது’ என்று ஒரே அட்டையில் எழுதி விற்பவர்கள் உண்டு.

புழக்கத்துக்கே வராத டோக்கன்களும் இந்தச் சாலையில் பிறந்தன. 1796ஆம் ஆண்டைத் தாங்கிய மிடில்டன் டோக்கன் அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அமெரிக்காவின் கென்டக்கியில் நிலம் வாங்கி ஆங்கிலேயரைக் குடியேற்றத் திட்டமிட்ட ஒருவருக்காகக் கூக்லர் செதுக்கியது அது. நம்பிக்கை என்னும் தேவதை இரண்டு குழந்தைகளைச் சுதந்திர தேவதையிடம் ஒப்படைப்பது போன்ற காட்சி ஒருபுறம், பிரிட்டனை உருவகிக்கும் பிரிட்டானியா சோர்ந்து தலை கவிழ்ந்த காட்சி மறுபுறம். குடியேற்றத் திட்டம் குலைந்தது. வெள்ளியிலும் செம்பிலும் அடித்த சில மாதிரிகள் மட்டும் எஞ்சின. நடக்காமல் போன ஒரு திட்டத்துக்கு இவ்வளவு அழகான சான்று வேறு எங்கே கிடைக்கும்?

சேகரிப்பாளர்களின் மோகமும் இந்த வரலாற்றின் ஒரு பகுதியே. 1790களில் இங்கிலாந்தில் டோக்கன் சேகரிப்பு ஒரு வெறியாகவே பரவியது. லண்டன் ஸ்ட்ராண்டு வீதியில் விலங்குக் காட்சி நடத்திய பிட்காக் தம் யானையையும் இரட்டைத்தலைப் பசுவையும் டோக்கனில் பொறித்தார். லேக்கிங்டன் என்ற புத்தக வணிகர், உலகிலேயே மலிவாக விற்பவர் என்று தம் டோக்கனில் தாமே சொல்லிக்கொண்டார். வேறு பட்டறையினர் சிலர், ஒரு டோக்கனின் முகப்பை இன்னொன்றின் பின்புறத்தோடு வேண்டுமென்றே இணைத்து, புதிய ‘அரிய வகை’களை உண்டாக்கிச் சேகரிப்பாளர்களின் தலையில் கட்டினர். ஆகவே 1795ஆம் ஆண்டு டோக்கன் ஒன்று கையில் கிடைத்தால், அது கடைக்காரரின் கல்லாவுக்காகவா, சேகரிப்பாளரின் பெட்டிக்காகவா பிறந்தது என்ற கேள்வியை அன்றே கேட்டிருக்க வேண்டும்.

சோஹோ மாதிரிகளில் அந்தக் கேள்வி இன்னும் கூர்மையாக எழுகிறது. தங்கள் கட்டுரையின் படக்குறிப்பை நான் மறுப்பதற்குக் காரணமும் இதுவே. போல்டனின் பேரன் காலத்தில், 1848 தொடங்கி 1850க்குள், சாலை மூடப்பட்டுப் பொருள்கள் விற்கப்பட்டன. நீராவி அச்சுப்பொறிகளை 1850 ஏப்ரலில் நடந்த ஏலத்தில் ரால்ஃப் ஹீட்டன் வாங்கினார். பிற்காலத்தில் பல நாட்டுக் காசுகளில் ‘எச்’ என்ற சிறு எழுத்தைக் குறியாக இட்டு, 2003 வரை இயங்கிய பர்மிங்ஹாம் நாணயச்சாலை அந்த வழியில் வளர்ந்தது. ஆனால் பழைய அச்சுகளில் பல, லண்டனில் அச்சுச் செதுக்கும் தொழில் செய்த டபிள்யூ. ஜே. டெய்லர் என்பவரிடம் பழைய இரும்பாகப் போய்ச் சேர்ந்தன. அவர் அவற்றைத் துலக்கி, தேவையான இடத்தில் திருத்தி, துரோவின் அரைப்பென்னிகளையும் கூக்லரின் பென்னிகளையும் மறுபடியும் அடித்தார். ஒன்றோடொன்று ஒருநாளும் சேராத முகப்பையும் பின்புறத்தையும் இணைத்துப் புதுக் கலப்புகளும் செய்தார். 1853இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் தங்கக் காசு அடிக்கும் தனியார் சாலை ஒன்றை நிறுவ முயன்று தோற்ற குழுவிலும் அவர் இருந்தார் என்பதால், அவருடைய துணிச்சலைப் பற்றி ஐயப்பட வேண்டியதில்லை. போல்டன் குடும்பம் இருந்த காலத்திலேயே சோஹோவில் பிற்காலத்தில் அடிக்கப்பட்டவையும் தனியாக உள்ளன.

எனவே 1788 என்ற ஆண்டைத் தாங்கிய ஒரு மாதிரிக் காசு உண்மையில் 1788ஐ ஒட்டி அடிக்கப்பட்டதாக இருக்கலாம். சில பத்தாண்டுகள் கழித்துச் சோஹோவிலேயே அடிக்கப்பட்டதாக இருக்கலாம். அல்லது விக்டோரியா மகாராணியின் காலத்தில் டெய்லரின் பட்டறையில் பிறந்ததாகவும் இருக்கலாம். மூன்றும் போலியல்ல; ஆனால் மூன்றும் ஒரே பொருளும் அல்ல. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் செப்புக் காசுகளுக்காக சி. வில்சன் பெக் 1960இல் வெளியிட்ட பட்டியல், இம்மூன்று நிலைகளையும் அச்சு அச்சாகப் பிரித்துக் காட்டியதால்தான் இன்று நாம் இதைத் தெளிவாகப் பேச முடிகிறது. டெய்லரின் மறு அடிப்புகளைத் தாழ்வாகக் கருதுபவன் நான் அல்லன். பழைய அச்சுகளுக்கு நேர்ந்த கதியைக் காட்டும் சான்றுகளாக அவற்றை நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அவற்றை அவை பிறந்த காலத்தின் பெயரால் அழைக்க வேண்டும், அந்தக் காலத்துக்குரிய விலையைத்தான் கொடுக்க வேண்டும்.

பிரித்தறிவதற்கு வழிகள் உண்டு. இடையில் பல ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்த அச்சில் துரு ஏறியிருக்கும். துரு தின்ற குழி, காசில் சிறு பருவாக எழும். அரசரின் முகத்துக்கு முன்னால் உள்ள வெற்று வெளியில் அத்தகைய பருக்கள் தூவியது போல இருந்தால், அது முதல் காலத்து அடிப்பாக இருப்பது அரிது. அச்சில் விழுந்த விரிசல் எந்த அளவு வளர்ந்திருக்கிறது என்பதும், தேய்ந்த முடியிழைகளை யாரேனும் மறுபடியும் கீறிச் சேர்த்திருக்கிறார்களா என்பதும் பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியில் தெரியும். நகைக்கடைத் தராசில் இட்டு எடையைப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். சோஹோவின் செம்பழுப்பு மெருகு, அடிப்பதற்கு முன்பே தகட்டில் ஏற்றப்பட்டது. ஆகவே அது மேடு பள்ளம் எங்கும் ஒரே சீராக இருக்கும். அதை அழுக்கு என்று எண்ணிப் புளி போட்டுத் துலக்கிப் பளபளக்கச் செய்த காசுகளை நம் ஊர்ச் சந்தைகளில் பார்க்கும்போது வயிறு எரிகிறது. அவ்வாறு துலக்கியபின், அது எப்போது அடித்தது என்று சொல்வதற்கான சான்றுகளில் பாதி போய்விடுகிறது.

இது ஏதோ பணக்காரர்களின் பொழுதுபோக்குச் சிக்கல் என்று வாசகர்கள் நினைக்கலாம். அப்படியன்று. இராமர் பட்டாபிஷேகமும் அனுமனும் பொறித்து, ‘கிழக்கிந்தியக் கம்பெனி 1818’ என்றும் ‘அரை அணா’ என்றும் எழுதிய செப்பு வில்லைகளைப் பல இலட்சம் பெறும் என்று சொல்லி விற்கும் செய்திகள் கைப்பேசிகளில் ஓயாமல் சுற்றுகின்றன. கும்பினி ஒருநாளும் அப்படி ஒரு காசை வெளியிடவில்லை. பக்திக்காகவும் பின்னர் ஏமாற்றுக்காகவும் தனியார் அடித்த வில்லைகள் அவை. பூசையறையில் வைப்பவர் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் காசின் மேலுள்ள ஆண்டையே அது பிறந்த ஆண்டாக நம்பும் பழக்கம்தான் அந்த மோசடிக்கு மூலதனம். அதே பழக்கத்தைப் படித்தவர்கள் நடத்தும் கண்காட்சியின் அட்டையும் நாளிதழின் படக்குறிப்பும் வளர்க்கலாகாது.

ஆகவே என் வேண்டுகோள்கள் சில. காசுக் கண்காட்சி நடத்தும் சங்கங்கள், அரசு வெளியீடு அல்லாத ஒவ்வொரு காசுக்கும், அதன் மேலுள்ள ஆண்டையும் அது அடிக்கப்பட்டதாகக் கருதப்படும் காலத்தையும் தனித்தனியே எழுத வேண்டும். யார் அடித்தது, யாருக்காக அடித்தது என்பதும் அட்டையில் இருக்க வேண்டும். காலம் உறுதியாகாவிட்டால் உறுதியாகவில்லை என்றே எழுதலாம், அதில் குறைவொன்றும் இல்லை. விற்பனை மேசை வைப்போரும் இதே விவரத்தை ரசீதில் எழுதித் தரும்படி ஏற்பாட்டாளர்கள் கட்டாயப்படுத்த வேண்டும். அண்மையில் ஒரு கண்காட்சியில், டெய்லரின் மறு அடிப்பு என்று ஐயமறத் தெரிந்த ஒரு பென்னியை அசல் மாதிரியின் விலைக்கு ஓர் இளைஞரிடம் விற்றுக்கொண்டிருந்தவரை நான் ரசீதில் காலத்தைக் குறிக்கச் சொன்னபோது, ‘ஆண்டு காசிலேயே இருக்கிறதே’ என்று பதில் வந்தது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் கும்பினிக் காசுகளைப் பார்வைக்கு வைக்கும்போது, அவற்றுள் சோஹோவில் அடிக்கப்பட்டவற்றைச் சென்னையிலேயே அடிக்கப்பட்டவற்றிலிருந்து பிரித்து, நீராவி அச்சுக்கும் கைச்சுத்தியல் அடிப்புக்கும் உள்ள வேறுபாட்டைப் பள்ளி மாணவர்கள் கண்ணால் காணும்படி அமைத்தால் பெரும் பயன் உண்டு. நூறாண்டுக்கு மேற்பட்ட காசுகள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்பக்கூடாதவை என்பதையும், இணையத்தில் விற்பனைக்கு இடுபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

தங்கள் இணைப்பில் அந்தப் படத்தை மறுபடியும் வெளியிட நேர்ந்தால், ‘1788 என்ற ஆண்டைத் தாங்கிய சோஹோ மாதிரி அரைப்பென்னி, அச்சு துரோவினுடையது, அடிப்புக் காலம் ஆய்வுக்குரியது’ என்று குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். படத்தில் அரசரின் மோவாய்க்கு முன்னால் தெரியும் பருக்கள் உண்மையிலேயே துருத் தடங்கள்தாமா, அன்றி அச்சுத்தாளின் புள்ளிகளா என்பதை, அந்தக் காசின் உரிமையாளர் ஒரு நல்ல கண்ணாடியில் பார்த்துத் தங்களுக்கு எழுதினால், வாசகர்கள் அனைவருக்கும் அது பயன்படும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பழங்காசு சேகரிப்பாளர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.